கேளுங்கள், சொல்கிறோம்: மாம்பழ வாசனையில் வரும் நிகோடின்

கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் சட்ட, சுகாதாரக் குழுவின் பதில்கள்.

கேள்வி: பள்ளிகளைச் சுற்றி வாசனை சிகரெட்டும் வேப்பும் (பேட்டரியால் சூடாக்கி ஆவி இழுக்கும் இ-சிகரெட்) விற்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லி எங்கள் குடியிருப்போர் சங்கம் மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறது. "வேப் ஏற்கெனவே தடை, சிகரெட்டைத் தடுக்க மாநகராட்சிக்கு அதிகாரமே இல்லை, எங்கள் பிழைப்பில்தான் கை வைக்கிறீர்கள்" என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? – வாசகர், புதுப்பாளையம், கடலூர்

பதில்: இரண்டையும் ஒரே மனுவில் எழுதியதுதான் சிக்கல். முதலில் பிரித்து எழுதுங்கள்.

வேப், இ-சிகரெட், இ-ஹூக்கா எல்லாவற்றுக்கும் 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சரக்கு இருப்பு எல்லாமே குற்றம். அப்படியிருக்க, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற விதியைப் பார்த்து "100 கெஜத்துக்குள் வேப் விற்கக் கூடாது" என்று நீங்களே எழுதினால் 101-வது கெஜத்தில் விற்கலாம் என்று ஆகிவிடும். வேப்புக்கு மனு வேண்டாம், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உதவி ஆய்வாளர் நிலையிலிருந்து மேலே உள்ள எந்தக் காவல் அதிகாரியும் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். விற்றவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கு வைக்கத் தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 வரை அபராதம் உண்டு. தெரியாமல் குடோன் வாடகைக்கு விட்டுவிட்டுப் பிறகு தெரிய வந்தால், அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வாசனை சிகரெட் விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மென்தால், கிராம்பு, வடிகட்டிக்குள் குட்டிக் குமிழ் வைத்து விரலால் நசுக்கினால் 'டிக்' என்று உடைந்து புதினாவோ பழமோ மணக்கும் ரகம், இவை எதுவும் நம் நாட்டில் சட்டவிரோதம் இல்லை. சட்டப்படி விற்கும் ஒரு பொருளை மாநகராட்சித் தீர்மானம் ஒன்றால் ஒழிக்க முடியாது. அதற்கு 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டத்தில் மத்திய அரசோ மாநில அரசோ திருத்தம் கொண்டுவர வேண்டும். தமிழ்நாடு 2022-இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய திருத்தத்தால் ஹூக்கா பார்களை அப்படித்தான் தடை செய்தது.

ஆனால் எங்கே, யார், எப்படி விற்பது என்ற மூன்றிலும் உள்ளாட்சிக்கு வேலை உண்டு. புகையிலை விற்கும் கடைக்குத் தனி உரிமம் கொடுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடையில் பிள்ளைகளை இழுக்கும் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் இருக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. லக்னோ மாநகராட்சி தனி உரிமம் கொண்டுவந்துவிட்டது. உங்கள் மனுவில் முதலில் இதைக் கேளுங்கள். அடுத்து, ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 100 கெஜ எல்லையில் மஞ்சள் கோடு. புகையிலையில்லாக் கல்வி நிறுவன வழிகாட்டுதலில் உள்ளதுதான் இது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுவண்டிகளுக்கு இடம் ஒதுக்கும் நகர விற்பனைக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும். வாசனைப் புகையிலையைத் தடைசெய்யும் திருத்தம் வேண்டும் என்று மாநகராட்சி மன்றம் மாநில அரசைக் கேட்டுத் தீர்மானம் போடலாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனுவின் சொற்களில் கவனம் வேண்டும். அமெரிக்கா 2009-இல் வாசனை சிகரெட்டைத் தடை செய்தபோது மென்தாலை மட்டும் விட்டது. 2020 தொடக்கத்தில், மாற்றிப் போடும் குப்பி வேப்களில் பழ வாசனைகளை நிறுத்தி, தூக்கி எறியும் வேப்பை விட்டது. வேப் பழக்கமுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் தூக்கி எறியும் ரகம் இழுத்தவர்கள் 2019-இல் 2.4 சதவீதம், 2020-இல் 26.5 சதவீதம். நம் ஊரில் குட்காவைத் தடை செய்ததும் பாக்கு மசாலா ஒரு பொட்டலமாகவும் புகையிலை இன்னொரு பொட்டலமாகவும் பிரிந்து பக்கத்துப் பக்கத்தில் தொங்கியது நினைவிருக்கும். ஆகவே பிராண்டு பெயரோ, "புதினா, மாம்பழம்" என்ற பட்டியலோ எழுத வேண்டாம். "புகையிலையின் வாசனை தவிர வேறு எந்த வாசனையோ சுவையோ சேர்த்த எந்தப் புகையிலைப் பொருளும், அந்த வாசனையைத் தனியாகச் சேர்க்க உதவும் குமிழ், அட்டை, பொட்டலமும்" என்று எழுதுங்கள்.

கூடவே ஒரு வரைபடம் இணையுங்கள். பள்ளியின் வெளிமதிலும், ஒவ்வொரு கடையும், மதிலிலிருந்து கடைக்கு நேர்கோட்டுத் தூரமும் அதில் இருக்கட்டும். கைபேசி வரைபடத்திலேயே தூரம் அளக்கலாம். காலை 8:30 முதல் 9 வரை, மாலை 4 முதல் 4:30 வரை கடை முகப்பைப் படமெடுங்கள், பிள்ளைகளின் முகம் விழாமல். மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கு ஒன்று. மனு எண் போட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

பிழைப்பு பற்றிச் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். பெட்டிக்கடையில் டீயும் பிஸ்கட்டும் வாங்க வருகிறவரை இழுப்பதே சிகரெட்தான். மிட்டாயா சிகரெட்டா என்று ஒரே நாளில் முடிவெடுக்கச் சொன்னால் சின்னக் கடைகள்தான் முதலில் மூடும். உரிமத்துக்கு ஆறு மாத அவகாசம், முதலாண்டு கட்டணம் கிடையாது என்று நீங்களே மனுவில் எழுதுங்கள். எதிர்ப்பு பாதியாகக் குறையும். அது நியாயமும்கூட.

கேள்வி: பள்ளி வாசலிலிருந்து என் கடைக்குத் தெரு சுற்றி நடந்தால் 200 மீட்டருக்கு மேல் வரும். ஆனால் பின்பக்க மதிலுக்கு 80 மீட்டர்தான். எந்தத் தூரம் கணக்கு? – பெட்டிக்கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மதில்தான் கணக்கு, அண்ணாச்சி. வாசலோ நடக்கும் பாதையோ இல்லை. பள்ளியின் வெளிச்சுவர் அல்லது வேலியின் விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் வட்டமாக 100 கெஜம், அதாவது 91.44 மீட்டர். உங்கள் கடை உள்ளே வருகிறது. பீடி, சிகரெட், மூக்குப்பொடி எதையும் அங்கே விற்க முடியாது. வாசனை உள்ளதா இல்லாததா என்ற கேள்வியே எழாது. கல்லூரிக்கும் இதே அளவுதான்.

அபராதம் 200 ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் பார்க்க மறப்பது சிறார் நீதிச் சட்டம், 2015. அதன் 77-ஆம் பிரிவின்படி 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். "அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னார்" என்று பையன் சொன்னாலும் கொடுக்காதீர்கள். வயதில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்டு உறுதிசெய்வது விற்பவர் பொறுப்பு.

எல்லைக்கு வெளியே கடை வைத்திருப்பவர்களும் ஒருமுறை தங்கள் முகப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். "18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம்" என்ற பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. தமிழில் இருக்க வேண்டும். சரக்கு இருப்பதைச் சொல்லும் பலகை அதிகபட்சம் 60-க்கு 45 செ.மீ. அதில் எந்த வகைப் பொருள் கிடைக்கும் என்று எழுதலாம், பிராண்டு பெயரோ பாக்கெட் படமோ கூடாது. பின்னால் விளக்கு எரியவும் கூடாது. விற்பனைப் பிரதிநிதி இலவசமாக மாட்டிவிட்டுப் போகும் ஒளிரும் பெட்டி இந்த மூன்றையும் ஒருசேர மீறும். மாட்டியவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், வழக்கு கடை வைத்திருப்பவர் மேல் வரும். கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பாக்கெட்டுகளைக் கமர்கட், சாக்லேட் ஜாடிகளுக்குப் பக்கத்தில் அடுக்குவதும் தவறு. சிறுவர் கை எட்டாத இடத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஹான்ஸ், கூல் லிப், குட்கா வகையறா தனி வழக்கு. தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் தடை நீட்டிக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அறிவிப்பை ரத்து செய்தது உண்மைதான். அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டது. "கோர்ட்டே விடச் சொல்லிருச்சு" என்று சரக்கு போட வருகிறவர் பேச்சை நம்பினால், முதல் முறைக்கே 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் சீலும் விழும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் பையில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று இருந்தது. மேலே ஓட்டை, அடியில் செல்போன் சார்ஜர் செருகும் துளை. மாம்பழ வாசனை. கேட்டால் "ஃப்ரெண்டோடது" என்கிறான். பள்ளிக்குச் சொல்லவா? போலீஸ் பிடிக்குமா? – ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: அது வேப்தான் அம்மா. உறிஞ்சினால் தானே இயங்கும் ரகம், பொத்தான் இருக்காது. சாம்பல் விழாது, துணியில் புகை நாற்றம் தங்காது, வாயில் சூயிங்கம் மணம்தான் வரும். சிகரெட் என்றால் நீங்கள் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பீர்கள்.

அதன் உடம்பிலோ அட்டையிலோ உள்ள எண்ணைப் பாருங்கள். 5% என்றிருந்தால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் நிகோடின், 2 மில்லி திரவம் இருந்தால் மொத்தம் 100 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். இவ்வளவு நிகோடினைப் பழைய முறையில் இழுத்தால் தொண்டை எரிந்து பையனே தூக்கிப் போட்டுவிடுவான். பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்து நிகோடினை உப்பாக்கிவிடுவதால் எரிச்சல் அடங்குகிறது. மீதியைப் பழ வாசனை மூடிவிடுகிறது. எத்தனை இழுத்தோம் என்று அவனுக்கே தெரியாது. சிகரெட் ஒன்று தீர்ந்தால் அணைந்துவிடும், இது அணையவே அணையாது.

அடிக்காதீர்கள். இன்றே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்றும் இல்லை. காலையில் எழுந்து அரை மணிக்குள் தேடுகிறானா, பாத்ரூமில் அதிக நேரம் இருக்கிறானா, அது இல்லாத நாளில் எரிந்து விழுகிறானா என்று கவனியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பழக்கம் பிடித்துவிட்டது. நிறுத்தியபின் முதல் மூன்று நாள்தான் கடுமை. கோபம், தூக்கமின்மை, படிப்பில் கவனம் சிதறுவது எல்லாம் வரும், மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் பிடுங்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் சனி, ஞாயிறு வீட்டில் கழியும். இழுக்கும் ஆசை பெரும்பாலும் சில நிமிடத்தில் தணியும். அந்த நேரத்துக்குக் கையில் ஏதாவது கொடுங்கள், வேர்க்கடலை உரிப்பதுகூட உதவும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும், சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நிகோடின் சூயிங்கத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவன் வயதுக்கு மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பையன் இழுத்தான் என்பதற்கு 2019 வேப் தடைச் சட்டத்தில் தண்டனை எழுதப்படவில்லை. விற்றவருக்குத்தான் தண்டனை. நண்பனுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறான், காசு வாங்குகிறான் என்றால் கதை வேறு. இலவச மாதிரியாகக் கொடுப்பதைக்கூடச் சட்டம் 'விநியோகம்' என்றே சொல்கிறது. பள்ளியில் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். "என் மகன்" என்று தொடங்க வேண்டாம், "பிள்ளைகள் கையில் இப்படி ஒன்று புழங்குகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்" என்று தொடங்குங்கள். செல்போன் உதிரிபாகக் கடை, இன்ஸ்டாகிராம் கணக்கு, கூரியர் என்று வரும் வழி எதுவானாலும் உரையாடலையும் பணம் போன ரசீதையும் அழிக்காமல் வையுங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

கேள்வி: வேப்பில் வருவது வெறும் நீராவிதானே? நிகோடின் இல்லாத ரகமும் இருக்கிறது. வாசனைக்குச் சேர்ப்பதும் சாப்பாட்டில் போடும் எசன்ஸ்தான். – கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: நீராவி இல்லை தம்பி. புரோபிலீன் கிளைகால், கிளிசரின் என்ற இரண்டு திரவங்களைச் சூடான கம்பிச்சுருள் நுண்துளிகளாக்குகிறது. சுருளைச் சுற்றியுள்ள பஞ்சு நனைந்திருக்கும் வரை ஒரு மாதிரி. திரவம் வற்றிப் பஞ்சு கருகத் தொடங்கினால் ஃபார்மால்டிஹைடு அதிகமாக உண்டாகும். கருகல் வாடை அடித்தும் "கடைசி ரெண்டு இழுப்பு" என்று தொடர்கிறவர்கள் இழுப்பது அதைத்தான்.

எசன்ஸ் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எந்த விதியும் இல்லை. வெண்ணெய் மணம் தரும் டயாசிடைல் தின்பண்டத்தில் கலந்து சாப்பிடலாம். ஆனால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டது தெரிய வந்தது. அது திரும்பச் சரியாகாத நோய். வைட்டமின் ஈ அசிடேட்டும் இப்படித்தான். தோலில் தடவலாம், மாத்திரையாக விழுங்கலாம். பெரும்பாலும் கஞ்சாச் சாறு அடைத்த வேப்களில் அதைக் கலந்தார்கள். அதை இழுத்ததோடு பெரிதும் தொடர்புபடுத்தப்பட்ட நுரையீரல் பாதிப்பால் 2020 பிப்ரவரி வரை அமெரிக்காவில் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், உறுதியான மரணங்கள் 68.

"நிகோடின் இல்லாதது" என்ற அட்டையை நம்பிச் சட்டத்திலிருந்தும் தப்ப முடியாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடாக்கி ஆவி இழுக்கும் கருவி எல்லாமே தடைக்குள் வரும் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது.

கேள்வி: கடலூரில் இறுக்கினால் எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி எங்கள் பக்கம் வாங்கிக்கொள்வார்கள். சாராயத்தில் பார்த்ததுதானே? – வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: சாராயத்துக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு சட்டம், வேறு வேறு வரி. வேப்புக்கு அப்படி இல்லை. 2019 சட்டம் மத்திய சட்டம், பாகூருக்கும் கடலூருக்கும் ஒன்றே. 100 கெஜ விதியும் 18 வயது விதியும் அப்படியே. வேறுபடப்போவது உள்ளாட்சி உரிமம் மட்டும்தான். அதற்குப் பெரியவர் ஒருவர் பஸ் ஏறி வந்து வாங்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இடைவேளையில் முள்ளோடைக்கு வராது. பள்ளிக்குப் பக்கத்தில் கிடைக்காமல் செய்வதன் பயனே அந்தத் தூரம்தான்.

2016–17 தேசியக் கணக்கெடுப்பில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் தமிழ்நாட்டில் 20 சதவீதம், புதுச்சேரியில் 11.2 சதவீதம். பழக்கம் தொடாதவர்களின் விகிதம் உங்கள் பக்கம்தான் அதிகம், அதனால் காப்பாற்ற வேண்டியதும் உங்களுக்குத்தான் அதிகம். பாகூரிலும் இதே மனுவைக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. சாதா சிகரெட்டிலிருந்து மென்தாலுக்கு மாறினேன், இருமல் குறைந்திருக்கிறது. இது பரவாயில்லைதானே? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இல்லை ஐயா. மென்தால் தொண்டையில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, கிராம்பில் உள்ள யூஜினால் மரத்துப்போக வைக்கிறது. புகை அதே புகை, தார் அதே தார். எரிச்சல் தெரியாததால் ஆழமாக இழுப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விட நினைத்தால் மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் தொடங்கலாம். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்குப் பொதுவாக 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. பலர் அதைச் சாதாரண பபிள்கம் போல மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து "இது வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். மிளகு போலச் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். சுரீர் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோடின் உள்ளே இறங்காது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி மூன்று மாதத்தில் நிறுத்துங்கள். நெஞ்சுவலி, இதயப் பிரச்சினை இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் ஹூக்கா வைத்திருக்கிறார்கள். மூலிகைதான் என்கிறார்கள். – வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஹூக்கா பார் நடத்தினால் தமிழ்நாட்டில் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம். காவல் நிலையத்தில் சொல்லுங்கள். உள்ளே புகையிலை இருக்கிறதா மூலிகையா என்று அவர்கள் சோதித்துக்கொள்வார்கள்.

கேள்வி: அண்ணன் பையனின் வேப்பை இரண்டு வயதுக் குழந்தை வாயில் வைத்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. இனி நடந்தால் என்ன செய்வது? – வாசகி, பண்ருட்டி

பதில்: நல்லவேளை. நிகோடின் திரவம் வாய் வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பழ மணம் வேறு, குழந்தை துப்பாது. வாந்தி, எச்சில் ஒழுகுதல், முகம் வெளிறுதல், வியர்வை முதலில் வரும். அளவு அதிகமானால் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயை ஈரத் துணியால் துடையுங்கள். கையிலோ துணியிலோ பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்தக் கருவியை உடைக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, வெடிக்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை சதவீதம், எத்தனை மில்லி என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.